மலாயாக் கிண்ணத்தின் முதல் ஆறு குழுக்கள்

1921ஆம் ஆண்டின் தொடக்கத்தில், எச்.எம்.எஸ். மலாயா என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் நம் நாட்டுத் துறைமுகங்களுக்கு வந்தது. கூட்டு மலாய் மாநிலங்களின் பணத்தில் கட்டப்பட்ட கப்பல் அது. கப்பற்படையினர் உள்ளூர்க் கழகங்களுடன் காற்பந்தும் ரக்பியும் ஆடி மகிழ்ந்தனர். சில மாதங்கள் கழித்து, அந்த வரவேற்புக்கு நன்றியாக இரண்டு கிண்ணங்களை வழங்க முன்வந்தனர். அவற்றுள் ஒன்றே காற்பந்துக்குரிய மலாயாக் கிண்ணம்.

அதற்காக ஆறு குழுக்கள் களமிறங்கின. பினாங்கு, பேராக், சிலாங்கூர் ஆகியவை வட பிரிவிலும் நெகிரி செம்பிலான், மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை தென் பிரிவிலும் ஆடின. ஆகஸ்டு 20ஆம் நாள் கோலாலம்பூரில் முதல் ஆட்டம் நடந்தது. சிலாங்கூரிடம் பினாங்கு 5-1 எனத் தோற்றது! இறுதியாட்டத்தில் அதே சிலாங்கூரைச் சிங்கப்பூர் 2-1 என வென்றது.

பினாங்குக் குழு தீவுக்கு மட்டும் உரியதன்று. பிறை அமைந்துள்ள பெருநிலத்துக்கும் அதுவே குழு. இருகரை மக்களும் முதல் வெற்றிக்காக நெடுங்காலம் காத்திருந்தனர். இடையில் போர் மூண்டதால் போட்டியே சில ஆண்டுகள் நின்றுபோனது. ஒருவழியாக 1953இல் கிண்ணம் பினாங்குக்கு வந்தது. மறு ஆண்டும் அங்கேயே தங்கியது. பின்னர் 1958இலும் 1974இலும் பினாங்கு வாகை சூடியது.

அக்கால ஆட்டக்காரர்களுக்குக் காற்பந்து பிழைப்பன்று. 1989இல் பகுதித் தொழில்முறை லீக் தொடங்கியது. 1994இல் ஆட்டம் முழுமையான தொழிலாக மாறியது. 1965இல் தனிநாடாகிய பின்னரும் பல்லாண்டுகள் இக்கிண்ணத்துக்காக ஆடிய சிங்கப்பூர், அந்த 1994இல் வாகை சூடிய கையோடு விலகிச் சென்றது.