நெல்லுக்குள் நான்கு எழுத்து

நெல் தண்ணீரில் வளரும் பயிர். இது நம் எல்லோருக்கும் தெரியும். காலடியில் தண்ணீர் நின்றால் நெல்லுக்கு நல்லது. ஆனால் தலைக்கு மேல் தண்ணீர் போனால் என்ன ஆகும்?

இரண்டு மூன்று நாள் தாங்கும். ஒரு வாரம் ஆனால் பயிர் வலுவிழக்கும். இன்னும் சில நாள் போனால் வயலே அழுகிவிடும்.

ஒடிசா, அசாம், பீகார், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களில் இப்படி அடிக்கடி நடக்கிறது. ஆறு பெருகுகிறது. நட்ட பயிர் மூழ்குகிறது. விதைக்குச் செய்த செலவு போகிறது. உரச் செலவு போகிறது. நடவுக் கூலி போகிறது. கடன் மட்டும் நிற்கிறது.

மூழ்கினாலும் சாகாத நெல் ஒன்று இருந்தால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு நெல் இன்று இருக்கிறது. அது எப்படி வந்தது? அந்தக் கதையைப் படிப்போம்.

பழைய நெல் ஒன்று

ஒடிசாவில் பள்ளமான நிலங்கள் நிறைய உண்டு. அங்குள்ள உழவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பல வகை நெல்லைக் காத்து வந்தார்கள். அப்படிக் காத்து வந்த உள்ளூர் நெல் ஒன்றிலிருந்து ஒரு ரகத்தைப் பொறுக்கி எடுத்தார்கள். அதன் பெயர் எஃப்.ஆர்.13ஏ. இந்த நெல் இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் பிழைத்துக் கொள்ளும்.

எப்படிப் பிழைக்கிறது?

சாதாரண நெல் மூழ்கியதும் தவிக்கிறது. மேலே வர வேண்டும் என்று வேகமாக நீளுகிறது. சேர்த்து வைத்த சத்தை எல்லாம் இதற்கே செலவழிக்கிறது. வெள்ளம் வடியும்போது அதனிடம் ஒன்றும் மிச்சம் இல்லை. நெட்டையாக வளர்ந்த பயிர் சாய்ந்து விழுகிறது.

எஃப்.ஆர்.13ஏ நெல் அவசரப்படுவது இல்லை. நீளாமல் அடங்கிக் கிடக்கிறது. சத்தைச் சேமித்து வைக்கிறது. வெள்ளம் வடிந்ததும் அந்தச் சேமிப்பைக் கொண்டு மறுபடி துளிர்க்கிறது.

அப்படியானால் எல்லோரும் இதையே பயிரிடலாமே என்று கேட்பீர்கள். அதில் ஒரு சிக்கல். இந்த நெல்லில் விளைச்சல் குறைவு. அரிசியும் அவ்வளவு நன்றாக இல்லை. உழவர்கள் விரும்பியது சுவர்ணா நெல். அது ஆந்திராவில் உருவான ரகம். நல்ல விளைச்சல் தரும். ஆனால் வெள்ளத்தைத் தாங்காது.

ஒன்றிடம் உயிர் பிழைக்கும் குணம் இருக்கிறது. இன்னொன்றிடம் விளைச்சல் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக்க முடியுமா? இதற்கு விடை நெல்லின் உடம்புக்குள்ளேயே இருக்கிறது.

முறுக்கிய ஏணி

எல்லா உயிர்களின் உடம்பும் செல் எனப்படும் மிகச் சிறிய அறைகளால் ஆனது. கண்ணுக்குத் தெரியாத அந்த அறைக்குள் ஒரு நீண்ட இழை சுருண்டு கிடக்கிறது. அதன் பெயர் டி.என்.ஏ. நெல்லுக்கும் உண்டு. மாட்டுக்கும் உண்டு. நமக்கும் உண்டு.

டி.என்.ஏ.யின் வடிவம் 1953ஆம் ஆண்டு தெரிய வந்தது. ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் என்ற பெண் விஞ்ஞானியின் ஆய்வுக் கூடத்தில் எக்ஸ்ரே கதிரால் எடுத்த படம் இதற்குப் பெரிதும் உதவியது. வாட்சன், கிரிக் என்ற இருவர் அந்த வடிவத்தை விளக்கினார்கள்.

ஒரு நூலேணியை நினைத்துக் கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் கயிறு. நடுவில் படிகள். அந்த ஏணியை அப்படியே முறுக்கினால் எப்படி இருக்கும்? அதுதான் டி.என்.ஏ.

ஒவ்வொரு படியும் இரண்டு துண்டுகள் சேர்ந்தது. துண்டுகள் மொத்தம் நான்கு வகை. அவற்றுக்கு ஏ, டி, ஜி, சி என்று பெயர். ஏ எப்போதும் டி-யுடன்தான் சேரும். ஜி எப்போதும் சி-யுடன்தான் சேரும். அதனால் ஒரு பக்கம் தெரிந்தால் போதும், மறு பக்கத்தைச் சொல்லிவிடலாம். செல் இரண்டாகப் பிரியும்போது ஏணியும் நடுவில் பிரிகிறது. ஒவ்வொரு பாதியும் தன் மறு பாதியைக் கட்டிக் கொள்கிறது. ஓர் ஏணி இரண்டு ஏணி ஆகிறது.

இந்த நான்கையும் எழுத்துகள் என்று சொல்லலாம். தமிழில் 247 எழுத்துகள். டி.என்.ஏ.யில் நான்கே எழுத்துகள். எழுத்துகள் வரிசையாகச் சேர்ந்தால் சொல் வரும், பொருள் வரும். டி.என்.ஏ.யிலும் அப்படித்தான். ஒரு வேலைக்கான செய்தி எழுதியிருக்கும் பகுதிக்கு மரபணு என்று பெயர். வெள்ளத்தில் அடங்கிக் கிடக்க வேண்டும் என்ற செய்தியும் ஒரு மரபணுவில்தான் இருக்கிறது.

மாலை மாற்றிக் கட்டுவது

நெல்லின் டி.என்.ஏ. 12 ஜோடி இழைகளாக இருக்கிறது. இந்த இழைகளுக்குக் குரோமோசோம் என்று பெயர். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தந்தையிடமிருந்து வந்தது. ஒன்று தாயிடமிருந்து வந்தது.

பூவில் மகரந்தம் உண்டாகும்போது ஒரு விந்தை நடக்கிறது. சூலிலும் இதுவே நடக்கிறது. ஜோடி இழைகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து படுக்கின்றன. பிறகு துண்டுகளை மாற்றிக் கொள்கின்றன.

ஒரே நீளத்தில் இரண்டு பூச்சரங்கள் இருக்கின்றன. ஒன்று மல்லிகை. ஒன்று கனகாம்பரம். இரண்டையும் ஒரே இடத்தில் வெட்டி, மாற்றிக் கட்டினால் என்ன ஆகும்? பாதி மல்லிகை, பாதி கனகாம்பரமாக இரண்டு புதுச் சரங்கள் கிடைக்கும். இழைகளும் இப்படித்தான் மாறுகின்றன. இதற்கு மறுசேர்க்கை என்று பெயர். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த பிள்ளைகள் ஒருவர் போல் ஒருவர் இல்லாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெட்டு எந்த இடத்தில் விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இதுதான் பயிர் ஆராய்ச்சியில் பெரிய தொல்லை.

எஃப்.ஆர்.13ஏ நெல்லையும் நல்ல நெல்லையும் முன்பே கலந்து பார்த்தார்கள். வெள்ளம் தாங்கும் குணம் வந்தது. அதோடு வேண்டாத குணங்களும் ஒட்டிக் கொண்டு வந்தன. நமக்கு வேண்டியது ஒரே ஒரு பூ. ஆனால் முழம் கணக்கில் சரமே வந்து சேர்ந்தது. வேண்டிய பூவுக்கு இரண்டு பக்கமும் நெருக்கமாக வெட்டு விழுந்த செடியைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணால் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. எழுத்தைப் படிக்கத் தெரிய வேண்டும்.

நெல்லைப் படித்தார்கள்

1996ஆம் ஆண்டு ஒரு செய்தி தெரிய வந்தது. வெள்ளம் தாங்கும் குணம் 9ஆவது குரோமோசோமில் இருக்கிறது. தெரு தெரிந்துவிட்டது. வீடு இன்னும் தெரியவில்லை.

அதே காலத்தில் பெரிய வேலை ஒன்று தொடங்கியது. நெல்லின் எழுத்துகள் முழுவதையும் படிக்க 10 நாடுகள் சேர்ந்தன. ஜப்பான் முன்னின்று நடத்தியது. நிப்பான்பாரே என்ற ஜப்பானிய நெல்லை எடுத்துக் கொண்டார்கள். நாடுகள் வேலையைப் பங்கு போட்டுக் கொண்டன. 11ஆவது குரோமோசோமில் ஒரு பகுதி இந்தியாவின் பங்கு. டெல்லிப் பல்கலைக்கழகமும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் அந்த வேலையைச் செய்தன.

நெல்லில் சுமார் 39 கோடி எழுத்துகள் இருக்கின்றன. நொடிக்கு ஓர் எழுத்து வீதம் இரவு பகலாகப் படித்தாலும் 12 ஆண்டுக்கு மேல் ஆகும். கருவிகளையும் கணினிகளையும் கொண்டு படித்தார்கள். 2005ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள்.

2006ஆம் ஆண்டு அந்த மரபணுவும் கிடைத்தது. அதற்குச் சப்-1ஏ என்று பெயர் வைத்தார்கள். ஜப்பானிய நெல்லில் அந்த மரபணு இல்லை. ஒடிசா நெல்லின் வழியில் வந்த ரகத்தில் இருந்தது.

சுவர்ணா சப்-1

பிலிப்பைன்ஸ் நாட்டில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே வெள்ளம் தாங்கும் நெல்லைச் சுவர்ணாவோடு கலந்தார்கள். பிறந்த செடியை மீண்டும் சுவர்ணாவோடு கலந்தார்கள். அதில் பிறந்ததையும் மறுபடி சுவர்ணாவோடு கலந்தார்கள். ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான நாற்றுகள் வளர்த்தார்கள். ஒவ்வொரு நாற்றிலும் இலைத் துண்டை எடுத்து டி.என்.ஏ.யைப் பார்த்தார்கள். வேண்டிய மரபணு இருக்க வேண்டும். அதன் இரு பக்கமும் நெருக்கமாக வெட்டு விழுந்திருக்க வேண்டும். மற்றது எல்லாம் சுவர்ணாவாகவே இருக்க வேண்டும். அப்படிப்பட்ட செடியை மட்டும் வைத்துக் கொண்டார்கள். ஒவ்வொரு செடியையும் வளர்த்து, தண்ணீரில் மூழ்கடித்துச் சோதிக்க வேண்டிய தேவை இல்லாமல் போனது.

இப்படிப் பிறந்ததுதான் சுவர்ணா சப்-1. இந்தியாவில் 2009ஆம் ஆண்டு உழவர்களுக்கு வெளியிடப்பட்டது. இது பூவோடு பூ கலந்து உண்டாக்கிய நெல். வெளியிலிருந்து மரபணுவைப் புகுத்தி உண்டாக்கியது அல்ல. விளைந்த நெல்லையே விதையாக எடுத்து வைத்து மறுபடி விதைக்கலாம்.

2011ஆம் ஆண்டு ஒடிசாவின் கிராமங்களில் உழவர்களின் வயலிலேயே சோதித்துப் பார்த்தார்கள். வயல் 10 நாள் மூழ்கினால் பழைய சுவர்ணாவை விடச் சுமார் 45 சதவீதம் கூடுதலாக விளைந்தது. வெள்ளம் வராத வயலிலும் விளைச்சல் குறையவில்லை.

இன்னொரு உண்மையும் அந்த ஆய்வில் தெரிந்தது. மேட்டு நிலம் யாரிடம் இருக்கிறது? அதிக வெள்ளம் நிற்கும் பள்ள நிலம் யாரிடம் இருக்கிறது? அங்கே தலித் மக்களின் நிலங்கள் பெரும்பாலும் பள்ளத்தில்தான் இருந்தன. வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது அவர்கள் வயல். அதனால் இந்த நெல்லால் கூடுதல் பயன் அடையக் கூடியவர்களும் அவர்களே.

இந்த நெல்லுக்கும் எல்லை உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் மூழ்கினால் தாங்காது. பூக்கும் சமயத்தில் வெள்ளம் வந்தாலும் இழப்புதான். வெள்ளம் வரும் ஊருக்கு நல்ல வடிகாலும் வேண்டும்.

தமிழ்நாட்டிலும் இதே மரபணுவைச் சேர்த்த நெல் உண்டு. சி.ஆர்.1009 சப்-1 என்பது அதன் பெயர். பக்கத்தில் உள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

விஞ்ஞானிகள் எழுத்தைப் படித்தார்கள். அந்த எழுத்து அழியாமல் இருந்தது யாரால்? பள்ள நிலத்தில் பாடுபட்ட உழவர்களால். விளைச்சல் குறைவு என்று அவர்கள் அந்தப் பழைய நெல்லைக் கைவிட்டிருந்தால், படிக்க ஒன்றுமே இருந்திருக்காது.

சேர்ந்து பேசுங்கள்

1. உங்கள் ஊரில் முன்பு பயிரிட்ட நெல் ரகங்கள் எவை? பெரியவர்களிடம் கேட்டு அவற்றின் பெயர்களை எழுதுங்கள்.

2. அவற்றில் வறட்சியைத் தாங்கியது எது? உப்புத் தண்ணீரைத் தாங்கியது எது?

3. அந்த விதை இன்றும் யார் வீட்டிலாவது இருக்கிறதா?