கடிதவழி மருத்துவமும் நோயாளியின் குரலும்
பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பா பற்றிய ஒரு நோக்கு

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வசதி படைத்தோர் பலர், தம்மை ஒருமுறையேனும் நேரிற் கண்டிராத மருத்துவரிடம் கடிதமூலம் ஆலோசனை பெற்றனர். எடின்பரோப் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய வில்லியம் கலனுக்கு (1710–1790) வந்த கடிதங்களும் அவர் விடுத்த மறுமொழிகளுமாக ஐயாயிரத்துக்கு மேற்பட்டவை அந்நகரின் அரச மருத்துவர் கல்லூரியிற் பேணப்பட்டுள்ளன. லொசான் நகரில் வாழ்ந்த சாமுவேல் திசோவுக்கு (1728–1797) எழுதப்பட்ட ஆயிரத்துக்கு மேற்பட்ட கடிதங்களும் எஞ்சியுள்ளன. மருத்துவ அறிவுக்கும் வர்க்கத்துக்கும் இடையிலான உறவினை விளங்கிக்கொள்ள இவை சிறந்த சான்றுகளாகும்.

நோயாளியைக் காணாது நோயறிதல் எங்ஙனம் சாத்தியமாயிற்று? அக்கால மருத்துவக் கோட்பாட்டிலேயே இதற்கு விடை உண்டு. நோய் என்பது உடலின் ஓர் உறுப்பில் நிலைகொண்ட சிதைவாக அன்றி, ஒருவரது முழு உடலமைப்பிலும் வாழ்க்கை முறையிலும் ஏற்பட்ட சீர்குலைவாகவே பெரிதும் கருதப்பட்டது. எனவே உணவு, உறக்கம், கழிவு, மனவெழுச்சி, பரம்பரை ஆகியன பற்றிய செய்திகளே மருத்துவருக்கு முதன்மையாகத் தேவைப்பட்டன. அவற்றை நோயாளியே நன்கறிவார். மேலும், உடலைத் தொட்டுச் செய்யும் பணி பெரும்பாலும் சத்திரசிகிச்சையாளருக்கு உரியதாகவும், சிந்தித்து அறிவுரை கூறுதல் பட்டம் பெற்ற மருத்துவருக்கு உரியதாகவும் பிரிக்கப்பட்டிருந்தது.

1761இல் திசோ வெளியிட்ட மக்கள் மருத்துவ நூலில், மருத்துவரை நாடுவோர் விடையளிக்க ஆயத்தமாயிருக்கவேண்டிய வினாக்களின் நிரல் ஒன்று இடம்பெற்றது. நோயாளி தன் உடலைத் தானே அவதானித்து எழுதப் பயிற்றப்பட்டார் எனலாம். கலனின் மறுமொழிகளோ மருந்துகளுடன் உணவு, உடை, குதிரைச் சவாரி என்பன பற்றியும் விரிவாக விதித்தன. ஜேம்ஸ் வாட் 1780இல் உரிமம் பெற்ற படியெடுக்கும் பொறியை அவர் 1781 முதற் பயன்படுத்தினார். அதற்கு முன்னர் கையாற் படியெடுக்கப்பட்டது. இதனாலேயே உரையாடலின் இரு பக்கங்களும் நமக்குக் கிடைக்கின்றன.

ஆயின், இவ்வுரையாடலிற் பங்குபற்றியோர் யாவர் என்பதே முதன்மையான வினாவாகும். 1784இல் இலண்டனில் நோயுற்றிருந்த சாமுவேல் ஜோன்சனுக்காக, அவரது நண்பர் பொஸ்வெல் கலன் உள்ளிட்ட எடின்பரோ மருத்துவர்களுக்கு எழுதி ஆலோசனை பெற்றார். எழுத்தறிவும் செல்வாக்கும் கட்டணம் செலுத்தும் வலிமையும் உடையோருக்கே இவ்வாய்ப்புக் கிட்டியது. பெண்களின் நோயைக் கணவரோ தந்தையோ உள்ளூர்ச் சத்திரசிகிச்சையாளரோ விவரித்தல் வழக்கமாயிருந்தது. ஆகவே கடிதத்தில் ஒலிப்பதெல்லாம் நோயுற்றவரின் குரல் எனக் கொள்ளல் பொருந்தாது.

இதே கலன் எடின்பரோ அரச மருத்துவமனையிலும் கற்பித்தார். அங்கே கிடந்தோர் பெரும்பாலும் வறியோர். அவர்களது கதையை அவர்கள் எழுதவில்லை. மாணவர்கள் குறிப்பேடுகளிற் பதிந்தனர். ஒரே மருத்துவர் செல்வருக்கு மறுமொழி எழுதினார்; வறியவரைப் பாடப்பொருளாக்கினார். இவ்விருமையே அக்காலச் சமூகத்தின் மெய்யுருவைக் காட்டுகிறது.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் பாரிஸ் மருத்துவமனைகளில் வளர்ந்த புதிய மருத்துவம் இரண்டாவது வழியையே பின்பற்றியது. உடற்பரிசோதனையும் பிரேத பரிசோதனையும் முதன்மை பெற்றன; 1816இல் லெனெக் இதயத்துடிப்புமானியைக் கண்டறிந்தார். நோயாளியின் சொல்லிலும் உடலின் ஒலியே நம்பகமான சான்றாயிற்று. இம்மாற்றத்தால் மருத்துவ அறிவிலிருந்து நோயாளி என்னும் மனிதர் மறைந்துபோனார் என்று சமூகவியலாளர் நிக்கலஸ் ஜூசன் 1976இல் வாதிட்டார். அவ்வாதம் வலிமையானதே. எனினும், மறைந்த அக்குரல் கட்டணம் செலுத்தியவரின் குரலே என்பதும், புதிய மருத்துவம் கட்டணமின்றிக் கிடந்த உடல்களின்மீதே எழுப்பப்பட்டது என்பதும் ஒருங்கே கருதத்தக்கன. இழந்த கடிதவுறவை எண்ணி ஏங்குதல் பயனற்றது. அன்று சிலருக்கு மட்டும் உரியதாயிருந்த 'கேட்கப்படும் உரிமை' அனைவருக்கும் உரியதாதல் வேண்டும் என்பதே இவ்வாவணங்கள் விடுக்கும் கோரிக்கையாகும்.