அலையில் சிக்கிய ஓவியர்!

பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனேவுக்கு ஆறும் கடற்கரையுமே பட்டறை. சேன் ஆற்றில், படகின் மேல் சிறு அறை கட்டி, மிதந்தபடியே படம் வரைந்தவர் அவர்.

1885 நவம்பர் மாதம். எத்ரத்தா என்ற ஊரில், கடலோரப் பாறையின் அடியில் நின்று வரைந்துகொண்டிருந்தார். கடல் வற்றுகிறது என்று நம்பி, அலைகளைக் கவனிக்கவில்லை.

திடீரென்று ஒரு பேரலை! அவரைத் தூக்கிப் பாறையில் மோதியது, தண்ணீருக்குள் இழுத்தது. தம் கதை முடிந்தது என்றே நினைத்தார். எப்படியோ தவழ்ந்து கரையேறினார். வர்ணப் பலகை முகத்தில் இடித்து, தாடியெல்லாம் நீலமும் மஞ்சளும்!

உயிர் பிழைத்தது. ஆனால், வரைந்த படத்தை அலை கொண்டுபோய்விட்டதே என்றுதான் அவர் வருந்தினார்.

அதற்காக அந்தப் பாறைகளை அவர் வெறுத்துவிடவில்லை. அவற்றில் ஒன்றை வரைந்து, 1886 என்று ஆண்டு குறித்த அவர் படம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே அவர் பட்ட பாடு படத்தில் தெரியாது!