மாறுகாலத்தில் மனித உரிமை: தென்னாப்பிரிக்காவுக்கு உலகு அளித்த துணை

முன்னுரை

கொடுங்கோல் முறிவது ஒரு நாள் நிகழ்ச்சியாக இருக்கலாம். செங்கோல் நிலைபெறுவதோ நெடுநாள் முயற்சி. பழைய ஆட்சி தளர்ந்து புதிய ஆட்சி வேர்கொள்வதற்கு இடைப்பட்ட காலத்தை அரசியல் மாறுகாலம் எனலாம். அக்காலத்தில் பழைய சட்டங்கள் மதிப்பிழந்திருக்கும். புதிய சட்டங்களோ இன்னும் எழுதப்பட்டிரா. நேற்று வரை மக்களை ஒடுக்கிய காவலரே இன்றும் காவல் பணியில் இருப்பர். அச்சமும் பழியுணர்வும் ஒருங்கே ஓங்கும். ஆகவே மனித உரிமைகள் பேரிடருக்கு உள்ளாவது கொடுங்கோன்மை கோலோச்சும் காலத்தில் மட்டுமன்று. அது வீழும் காலத்திலும் ஆகும்.

இத்தகைய காலத்தில் வெளியுலகம் செய்யத்தக்க உதவி யாது? அவ்வுதவியின் எல்லை யாது? இவ்விரு வினாக்களுக்கும் தென்னாப்பிரிக்க வரலாறு தெளிவான விடை தருகின்றது. அவ்விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உலக மன்றத்தில் ஒரு வழக்கு

1860ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'ட்ரூரோ' என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு நேட்டாலுக்குப் புறப்பட்டது. அவ்வாறு சென்று குடியேறியோரின் வழித்தோன்றல்கள், 1946இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தால் விரும்பிய இடத்தில் நிலம் வாங்கும் உரிமையை இழந்தனர். அவ்வாண்டே இந்தியா இவ்வழக்கை ஐக்கிய நாடுகள் அவைக்கு எடுத்துச் சென்றது. தென்னாப்பிரிக்காவுடன் வாணிகத் தொடர்பையும் முறித்துக்கொண்டது. இந்தியா முழு விடுதலை பெறுவதற்கும் முன்னர் நிகழ்ந்த செயல் இது என்பது கருதத்தக்கது.

'இஃது எம் உள்நாட்டுச் செய்தி. பிறர் தலையிடுதல் கூடாது' என்பதே தென்னாப்பிரிக்க அரசின் மறுமொழியாக இருந்தது. 1948ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் அனைத்துலக மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறியபோது 48 நாடுகள் ஆதரித்தன. எட்டு நாடுகள் வாக்களியாது விலகி நின்றன. அவ்வெட்டனுள் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. 'அப்பார்தைட்' எனப்பெறும் நிறவெறிக் கொள்கையை முழக்கமாகக் கொண்ட கட்சி ஆட்சிக்கு வந்ததும் அவ்வாண்டிலேயே ஆகும்.

1960 மார்ச் 21ஆம் நாள் ஷார்ப்வில் என்னும் ஊரில் கூடிய மக்கள்மீது காவலர் சுட்டதில் 69 பேர் மாண்டனர். அதன் பின்னர் உலகின் குரல் ஓங்கியது. 1973இல் நிறவெறி ஆட்சி மானுடத்திற்கு எதிரான குற்றமென ஓர் உடன்படிக்கை வகுக்கப்பட்டது. 1974இல் ஐ.நா. பொது அவை தென்னாப்பிரிக்கப் பேராளர்களை ஏற்க மறுத்தது. 1977இல் பாதுகாப்பு அவை படைக்கல விற்பனைக்குக் கட்டாயத் தடை விதித்தது. விளையாட்டுக் களமும் இதற்கு விலக்கன்று. 1974இல் டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்காவோடு ஆட இந்தியா மறுத்தது. சென்னையைச் சேர்ந்த அமிர்தராஜ் சகோதரர்கள் இடம்பெற்ற அணி கைக்கெட்டும் தொலைவில் இருந்த கோப்பையைத் துறந்தது. அறத்தின்பொருட்டு எதையேனும் இழக்க ஒருப்படாத ஆதரவு வெறும் வாய்ச்சொல்லாகவே நின்றுவிடும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

மறைவில் வந்த உதவி

மன்றங்களின் தீர்மானங்கள் செய்தித்தாள்களில் இடம்பெற்றன. ஆயினும் சிறைப்பட்டவரின் வீட்டில் அடுப்பெரியச் செய்தது வேறோர் உதவி. இலண்டனில் காலின்ஸ் என்னும் கிறித்தவப் பாதிரியார் தோற்றுவித்த நிதியம் அரசியல் கைதிகளுக்கு வழக்கறிஞர் கட்டணத்தையும் அவர்தம் குடும்பத்தினர்க்கு வாழ்வூதியத்தையும் வழங்கி வந்தது. 1966இல் தென்னாப்பிரிக்க அரசு இந்நிதியத்தைத் தடை செய்தது. அதன் பிறகு பணம் பல கை மாறிச் சென்றது. வழக்கறிஞர்க்குரிய தொகை வேறு சட்ட நிறுவனங்களின் வாயிலாக அனுப்பப்பட்டது. குடும்பங்களுக்கோ இங்கிலாந்தில் வாழ்ந்த எளிய மனிதர்கள் நண்பர்களைப் போல் கடிதம் எழுதி, அத்துடன் சிறு தொகையையும் அனுப்பினர். அப்பணத்தின் ஊற்றுக்கண் யாதெனப் பெற்றோர் அறியார். வலக்கை கொடுப்பதை இடக்கையும் அறியாதிருத்தலே சிறந்த ஈகை என்னும் பண்பு இவ்வுதவியில் வாழ்ந்தது எனலாம்.

இவ்வுதவியோடு தொடர்புடைய ஒருவர் கேப் டவுன் நகரின் கிளேர்மாண்ட் பகுதிப் பள்ளிவாசலில் இமாமாகப் பணியாற்றிய அப்துல்லாஹ் ஹாரூன் ஆவார். கறுப்பின மக்களின் குடியிருப்புகளுக்குச் சென்று பழகிய அவர், சிறைப்பட்டோர் குடும்பங்களுக்கு உதவி சேர்ப்பித்து வந்தார். 1969 மே 28ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். விசாரணையின்றி 123 நாள்கள் காவலில் வைக்கப்பட்ட அவர் செப்டம்பர் 27ஆம் நாள் உயிர் துறந்தார். 'படிக்கட்டில் தவறி விழுந்தார்' எனக் காவல்துறை கூறியது. உடலில் இருபதுக்கும் மேற்பட்ட காயங்கள் காணப்பட்டன. விலா எலும்பு ஒன்றும் முறிந்திருந்தது. எனினும் 1970இல் நடந்த மரண விசாரணை எவர்மீதும் குற்றம் காணவில்லை.

மாறுகாலமும் பார்வையாளரும்

1990 பிப்ரவரியில் தடைகள் நீக்கப்பட்டன. 27 ஆண்டுச் சிறைவாழ்வுக்குப் பின் நெல்சன் மண்டேலா விடுதலை பெற்றார். இனித் துன்பமில்லை என உலகு மகிழ்ந்தது. ஆனால் அதற்குப் பின் வந்த நான்கு ஆண்டுகளில் அரசியல் வன்முறைக்கு ஏறத்தாழ 14,000 பேர் இரையாயினர். 1992 ஜூன் 17ஆம் நாள் இரவு போய்ப்பாட்டாங் என்னும் குடியிருப்பில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். பேச்சுவார்த்தை முறிந்தது. ஜூலையில் மண்டேலா பாதுகாப்பு அவையில் உரையாற்றினார். ஆகஸ்டில் அவ்வவை பார்வையாளர்களை அனுப்ப இசைந்தது.

முதலில் சென்றோர் ஐம்பதின்மர். ஜமைக்கா நாட்டைச் சேர்ந்த ஏஞ்சலா கிங் என்னும் அம்மையார் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். அவர்களிடம் படைக்கலம் இல்லை. எவரையும் கைது செய்யும் அதிகாரமும் இல்லை. ஊர்வலங்களிலும் பொதுக்கூட்டங்களிலும் இறுதி ஊர்வலங்களிலும் சென்று நின்றனர், கண்டதை எழுதினர். 1991இல் ஏற்பட்ட தேசிய அமைதி உடன்பாட்டின்படி ஊர்தோறும் அமைந்த அமைதிக் குழுக்களுடன் இணைந்து பணியாற்றினர். 'நாம் செய்வதை அயலார் ஒருவர் கண்டு எழுதுகின்றார்' என்னும் உணர்வே ஓங்கிய கைகள் பலவற்றைத் தாழச் செய்தது. ஆயினும் வன்முறை முற்றாக ஓய்ந்துவிடவில்லை. 1994 ஏப்ரல் இறுதியில் முதன்முதலாக அனைத்து இனத்தவரும் வாக்களித்தபோது ஐ.நா.வோடு ஐரோப்பிய ஒன்றியம், காமன்வெல்த், ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு ஆகியவற்றின் பார்வையாளர்களும் வாக்குச்சாவடிகளில் நின்றனர்.

கடன் வாங்கிய அறிவு, சொந்த முடிவு

புதிய அரசியலமைப்பை வகுத்தோர் பிற நாடுகளின் பட்டறிவை ஆராய்ந்தனர். உரிமைகளுக்குப் பொருள் காணும்போது நீதிமன்றங்கள் பன்னாட்டுச் சட்டத்தைக் கருதுதல் வேண்டும் என 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பில் விதித்தனர். எனினும் கருதுதல் வேறு. கண்மூடிப் பின்பற்றுதல் வேறு. 1995இல் அரசியலமைப்பு நீதிமன்றம் மரண தண்டனையை ஒழித்தபோது, அத்தண்டனை செல்லும் எனக் கூறிய இந்திய உச்ச நீதிமன்றத்தின் 1980ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் எடுத்து ஆராய்ந்தது. இரு நாட்டு அரசியலமைப்புகளின் சொல்லமைப்பிலுள்ள வேறுபாட்டைக் காட்டி மாறான முடிவுக்கு வந்தது.

உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் அமைந்த முறையும் அத்தகையதே. சிலி நாட்டில் 1990இல் அமைந்த உண்மை ஆணையத்தில் பணியாற்றிய ஹோசே சலாகெட் முதலியோர் 1994இல் தென்னாப்பிரிக்காவுக்கு வந்து தம் பட்டறிவைப் பகிர்ந்தனர். சிலியில் விசாரணை மூடிய அறைக்குள் நடந்தது. தென்னாப்பிரிக்கரோ அதனை மக்கள்முன் நடத்தத் துணிந்தனர். பொதுமன்னிப்பு அனைவர்க்கும் ஒருசேர வழங்கப்படாது. அரசியல் நோக்கத்தால் செய்த குற்றத்தை முழுமையாக வெளிப்படுத்துவோர்க்கே தனித்தனியே வழங்கப்படும் என்றும் வகுத்தனர். பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் 1996 ஏப்ரலில் விசாரணை தொடங்கியது. 21,000க்கும் மேற்பட்டோர் தம் துயரைப் பதிவு செய்தனர். மன்னிப்புக் கோரி விண்ணப்பித்தோர் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர். பெற்றோர் ஆயிரவர்க்கும் குறைவே.

கொலையுண்டோர் குடும்பங்கள் சில இம்மன்னிப்பை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. 1996இல் நீதியரசர் இஸ்மாயில் முகமது அளித்த தீர்ப்பு மன்னிப்பு செல்லும் என்றது. குற்றவாளி வாய் திறந்தால் அல்லாமல் பல குடும்பங்கள் உண்மையை ஒருபோதும் அறிய இயலாது என்பது அத்தீர்ப்பின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. ஆயினும் தம் மகனைக் கொன்றவன் தடையின்றி நடமாடுவதைக் காணும் தாயின் துயரை எத்தீர்ப்பும் முழுமையாக ஆற்றிவிடாது என்பதையும் நாம் மறத்தலாகாது.

உதவியின் எல்லை

பார்வையாளர்கள் தம் நாடு திரும்பினர். தடைகள் நீக்கப்பட்டன. உலகின் நோக்கு வேறு திசைகளில் திரும்பியது. அதன் பின்னரே உதவியின் எல்லை புலப்பட்டது. மன்னிப்புப் பெறாதோர்மீது வழக்குத் தொடர வேண்டும் என்று ஆணையம் சுட்டிய குற்றங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை கிடப்பில் போடப்பட்டன. பாதிக்கப்பட்டோர்க்கு ஆறாண்டுகள் உதவித்தொகை வழங்குமாறு ஆணையம் பரிந்துரைத்தது; அரசு 2003இல் ஒருமுறை மட்டும் 30,000 ராண்டு வழங்க முடிவு செய்தது.

1971இல் ஜோகன்னஸ்பர்க் காவல் நிலையத்தின் பத்தாம் மாடியிலிருந்து விழுந்து இறந்த ஆசிரியர் அகமது திமோல் தற்கொலை செய்துகொண்டார் என்று முதல் விசாரணை கூறியது. அது கொலையே என்று 2017இல்தான் நீதிமன்றம் அறிவித்தது. குற்றஞ்சாட்டப்பட்ட முன்னாள் காவலர் வழக்கு முடியுமுன் 2021இல் இறந்தார். இமாம் ஹாரூன் வதையினாலேயே இறந்தார் என்னும் தீர்ப்பு 2023 அக்டோபரில் வந்தது. அதனைக் கேட்க அவர்தம் துணைவியார் இல்லை. அவர் 2019இல் மறைந்துவிட்டார். ஆணையம் சுட்டிய வழக்குகள் ஏன் நடைபெறவில்லை என ஆராய 2025இல் ஒரு விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. வெளியுலகம் வாக்குச்சாவடி வரை துணை வரலாம். நீதிமன்றத்தின் வாயிலை உள்நாட்டார்தாம் திறத்தல் வேண்டும்.

முடிவுரை

அரபு மொழியில் சாட்சி சொல்வோனைக் குறிக்கும் 'ஷாஹித்' என்னும் சொல்லும், அறத்தின்பொருட்டு உயிர்நீத்தவனைக் குறிக்கும் 'ஷஹீத்' என்னும் சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. தமிழிலும் சான்று, சான்றோர் என்னும் சொற்கள் நெருங்கி நிற்கக் காண்கிறோம். மாறுகால நாட்டுக்கு உலகு அளிக்கத்தக்க துணையின் இயல்பை இச்சொற்கள் விளக்குகின்றன. வெளியுலகம் நீதியைக் கொண்டுவந்து கையில் கொடுக்க இயலாது; ஆனால் அநீதிக்குச் சாட்சியாக நிற்க இயலும். அச்சாட்சியத்தைத் தேர்தல் நாளோடு முடித்துக்கொள்ளாது, கடைசித் தாய்க்கும் விடை கிடைக்குமளவும் தொடர்தல் வேண்டும்.

துணை பெற்ற நாடு பின்னர்த் துணை நல்கும் நாடாகவும் ஆயிற்று. டர்பனில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த நவநீதம் பிள்ளை, நிறவெறி ஆட்சிக் காலத்தில் கைதிகளுக்காக வாதாடியவர். 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை உயர் ஆணையராகப் பணியாற்றினார். 2023 டிசம்பரில் காஸா மக்களுக்காகப் பன்னாட்டு நீதிமன்றத்தை அணுகியதும் தென்னாப்பிரிக்காவே. 1946இல் ஒரு நாட்டின் துயர் 'உள்நாட்டுச் செய்தி' என ஒதுக்கப்பட்டிருப்பின் இவை நிகழ்ந்திரா. அயலான் துயரை அயலான் துயரென்று தள்ளாத நெஞ்சமே மனித உரிமையின் முதற்காவல் ஆகும்.