பெட்டியில் வரும் எனர்ஜி பார்

யாழ்ப்பாணத் தீவகத்தில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு அரிது. மண்கும்பானும் அப்படித்தான். விடுமுறைக்கு வருபவர்களின் பெட்டிகளில் இப்போது சொக்லேற்றோடு எனர்ஜி பாரும் இருக்கிறது. ஓட்ஸ், பாதாம், பேரீச்சம்பழம், உலர்ந்த முந்திரிகை எல்லாம் சேர்த்து இறுக்கிய துண்டு. பிஸ்கட்டைவிட நல்லது என்று நம்பி, நீரிழிவால் சிறுநீரகம் பழுதான தாய்க்கும் தகப்பனுக்கும் பிள்ளைகள் அன்போடு கொடுக்கிறார்கள். உறையின் பின்பக்கத்தைப் பார்க்காமல் அதைக் கொடுக்கக் கூடாது.

சிறுநீரகம் தளர்ந்தால் பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கும். மிகுந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். பொஸ்பரஸ் தேங்கினால் எலும்பு நலியும், இரத்தக் குழாய்களில் கல்சியம் படியும். பாதாம், கச்சான், பேரீச்சம்பழம், சொக்லேற் என்று அந்தத் துண்டுக்குப் பெருமை சேர்க்கும் பொருள்கள்தான் பொட்டாசியம் நிறைந்தவை. நம்மூர் எள்ளுப்பாகுக்கும் கச்சான் அல்வாவுக்கும் இதே கணக்குத்தான். பனங்கட்டி சேர்த்தால் சீனியில் இல்லாத பொட்டாசியமும் கூடவே வரும்.

பெட்டி எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதையும் பாருங்கள். கனடாவிலும் அமெரிக்காவிலும் சத்து அட்டவணையில் பொட்டாசியத்தை மில்லிகிராமில் அச்சிட வேண்டும்; 2016இல் கொண்டுவந்த விதி அது. பிரித்தானியாவிலும் பிரான்சிலும் அது கட்டாயமில்லை. ஒரு தடவை உண்ணும் அளவில் 200 மில்லிகிராமுக்குள் இருந்தால் குறைவு என்பது பொதுவான அளவுகோல். பக்கத்திலுள்ள வீதக் கணக்கு சுகதேகிகளுக்கானது, அதை நம்பவேண்டாம்.

இலங்கையில் உறைகளில் காணும் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக்குறி சீனி, உப்பு, கொழுப்பு மூன்றையும்தான் சொல்லும். நூறு கிராமில் 1.25 கிராமுக்கு மேல் உப்பிருந்தால் சிவப்பு. பயனுள்ள ஏற்பாடு. ஆனால் மூன்றும் பச்சையாக இருந்தாலும் பொட்டாசியம் நிறைந்திருக்கலாம். நீரிழிவும் சிறுநீரக நோயும் இவ்வளவு பெருகிவிட்ட நாட்டில் பொட்டாசிய அளவையும் அச்சிடச் சொல்லவேண்டும்.

பொஸ்பரஸ் அளவை அட்டவணையில் எதிர்பார்க்க முடியாது. சேர்மானப் பட்டியலில்தான் தேடவேண்டும். ‘பொஸ்பேற்’ என்ற சொல்லோ, ஈ 338 முதல் 343 வரை, 450 முதல் 452 வரையான இலக்கங்களோ இருந்தால் வைத்துவிடுங்கள். பருப்பிலும் விதையிலும் இயற்கையாக உள்ள பொஸ்பரஸில் பாதிக்கும் குறைவுதான் உடலில் சேர்கிறது. தொழிற்சாலையில் கலப்பதோ பெரும்பாலும் அப்படியே சேர்ந்துவிடும். ‘உப்புக் குறைந்தது’ என்றிருந்தால் ஈ 508ஐயும் தேடுங்கள்: உப்புக்குப் பதிலாகப் போடும் பொட்டாசியம் குளோரைட் அது.

புரதம் கூட்டிய பார்களில் இன்னொரு சிக்கல். குருதிச் சுத்திகரிப்புத் தொடங்காதவர் புரதத்தை அளவோடு உண்ணவேண்டும். தொடங்கியவருக்கோ அது கூடுதலாகத் தேவை. பக்கத்து வீட்டு நோயாளிக்கு ஒத்துக்கொண்டது என்பதற்காக வாங்கக்கூடாது.

இதையெல்லாம் படித்து எல்லாவற்றையும் விலக்கிவிடவும் வேண்டாம். இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் சரியாக உள்ளவருக்கு இவ்வளவு கட்டுப்பாடு தேவைப்படாமலும் இருக்கலாம். பசியோடு கிடந்து மெலிவதும் ஆபத்துத்தான். பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் போய், நான்கு மணி நேரம் சுத்திகரிப்பில் இருந்து, குறிகாட்டுவான் பேருந்தில் திரும்புகிறவரின் கைப்பையில் ஏதாவது இருக்கத்தான் வேண்டும். அரிசிப் பொரியில் செய்த, பருப்பும் உலர்பழமும் சேராத துண்டு பெரும்பாலும் பரவாயில்லை; நீரிழிவு உள்ளவர் அதன் சீனியையும் கணக்கில் எடுக்கவேண்டும். சீனி சட்டென்று இறங்கி மயக்கம் வந்தால் பாரும் உதவாது, பொட்டாசியம் நிறைந்த இளநீரும் வேண்டாம். குளுக்கோஸ் அல்லது சீனித் தண்ணீர்தான்.

பிள்ளைகள் பெட்டி கட்டுமுன் உறையின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அந்தப் படத்தையும் கடைசி இரத்த அறிக்கையையும் சேர்த்து வைத்தியரிடம் காட்டுங்கள்.