சிமென்ட்டுக்குப் பஞ்சாங்கம் தெரியாது!

திருவொற்றியூர் வீட்டில் மாடி கட்டிக்கொண்டிருந்தேன். கார்த்திகையில் கிரகப்பிரவேசம் என்று மாமியார் நாள் குறித்துவிட்டார். அதை விட்டால் மார்கழி, அப்புறம் தைதான். மாமியார் தீர்ப்புக்கு அப்பீல் ஏது?

தளம் போட்டு ஒன்பதாவது நாள். ''மேஸ்திரி, சென்ட்ரிங்கைப் பிரிச்சிட்டா பூச்சு வேலையை ஆரம்பிச்சிடலாமே?'' என்றேன் நைசாக.

குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார் மனுஷர். ''இன்னா சார்... சிமென்ட்டு பஞ்சாங்கம் பாத்தா இறுகுது?''

அவர் சொன்ன கணக்கு இது: முட்டுகளை எடுக்க, சுமார் 15 அடி வரை உள்ள தளத்துக்கு 7 நாள். அதைத் தாண்டினால் 14 நாள். 20 அடிக்கு மேற்பட்ட பீம் என்றால் 21 நாள். என் ஹால் 16 அடி! இன்ஜினீயர் நண்பரைக் கேட்டேன். இந்தியத் தர நிர்ணய விதியும் அதேதானாம். கான்கிரீட்டின் பலத்தையே 28-ம் நாள் கணக்கில்தான் பேசுவார்களாம்.

''எல்லா வேலையிலும் அவசரம்தான். எங்க மேனேஜர் தினமும் 'நேத்தே முடிச்சிருக்கணுமே'ங்கறார்...'' என்று இழுத்தேன்.

''நீங்க அவசரப்பட்டா ஃபைல்ல தப்பு வரும், அடிச்சிட்டு எழுதுவீங்க. எங்க தப்பை எப்படி சார் அடிச்சி எழுதறது? முந்தியெல்லாம் வாரத்துக்கு ஒருவாட்டி வந்து பாப்பாங்க. இப்ப தினம் வாட்ஸ்அப்புல போட்டோ அனுப்பணும். பெரிய சைட்டுல நாள் தவறினா கான்ட்ராக்டருக்கு அபராதம். அவரு சப்-கான்ட்ராக்டரை வெரட்ட, அவரு மேஸ்திரியை வெரட்ட, மேஸ்திரி சித்தாளை வெரட்ட... சித்தாளு யாரை சார் வெரட்டும்?''

சொல்லிவிட்டு, எண்ணூர் பக்கம் கையைக் காட்டினார். எனக்குப் புரிந்தது. 2025 செப்டம்பர் 30 அன்று அங்கே அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் இரும்பு வளைவுச் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். வெளிமாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அதற்கு அவசரம்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், என் ஹாலில் முட்டுகளுக்கு நடுவே நின்று தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டிருந்த பையனும் அப்படி வந்தவன்தான். அவனை விரட்டப் பார்த்த ஆள்... நான்!

அன்று ராத்திரி தயங்கித் தயங்கி மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

''அதுக்கென்ன மாப்பிள்ளை, தை பிறந்தா வழி பிறக்கும்'' என்றார் சர்வசாதாரணமாக.

இதை நான் ஒன்பது நாள் முன்னாடியே கேட்டிருக்கலாம்!