மூணு நாள் லீவு... ரெண்டு ஊரு... ஒரு மலை!

லீவு என்றால் ஊட்டி, இல்லாவிட்டால் கொடைக்கானல் என்று நம் ஆபீஸ்களில் எழுதப்படாத ஒரு சர்க்குலர் இருக்கிறது. போய்வந்தவர்களைத் தனியாக ஓரங்கட்டிக் கேட்டுப் பாருங்கள். மலைப்பாதையில் முன்னால் போன பஸ்ஸின் பின்பக்கத்தை மூணு மணி நேரம் பார்த்ததையும், படகுக்கு க்யூவில் நின்றதையும், ஸ்வெட்டர் வாங்கி ஏமாந்ததையும் சொல்வார்கள். 'ரெஸ்ட் எடுத்தீங்களா?' என்றால் மட்டும் பதில் வராது.

சனி, ஞாயிறோடு ஒரே ஒரு கேஷுவல் லீவை ஒட்டவைக்க முடிகிறதா உங்களால்? அப்படியானால் நான் சொல்கிற ரூட்டைக் கேளுங்கள். சென்னையிலிருந்து இரவு கிளம்புகிற பொதிகை எக்ஸ்பிரஸ்ஸில் ஏறிப் படுத்துவிடுங்கள். பொழுது விடிகிற சமயத்தில் ஜன்னல் வழியே மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே ஓடிவரும். முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கிருந்து டவுன் பஸ் தூரத்தில் ராஜபாளையம். இடையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான்.

நாங்கள் மூன்று பேர் போயிருந்தோம். நான், என் பக்கத்து சீட்காரர், அப்புறம் டெஸ்பாட்ச் செக்‌ஷன் தம்பி. பக்கத்து சீட்காரருக்குக் கோயில், எனக்கு மலை. தம்பிக்கு ஒரே லட்சியம்தான்... ராஜபாளையம் நாய்க்குட்டி ஒன்று வாங்கி, சென்னையில் இருக்கிற தன் மூணாவது மாடி ரூமுக்குக் கொண்டுபோக வேண்டும்!

கோபுரமும் கிளியும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் வழி கேட்கவே வேண்டாம். எந்தத் தெருவில் நின்று நிமிர்ந்தாலும் கோபுரம் தெரிகிறது. 11 நிலை, 192 அடி. தமிழக அரசு முத்திரையில் இருப்பது எங்க கோபுரம்தான் என்று ஊர்க்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். நம் ஆபீஸ் ஃபைல்களில் தினமும் பார்க்கிற முத்திரையாச்சே! பக்கத்து சீட்காரர் தன்னையறியாமல் 'அட்டென்ஷனில்' நின்றுவிட்டார்.

இந்த கோபுரம் வடபத்ரசாயி கோயிலுடையது. ஆண்டாள் சந்நிதி அதை ஒட்டித் தனியாக இருக்கிறது. நடுவில் நந்தவனம். பெரியாழ்வார் துளசிச் செடியருகே ஆண்டாளைக் குழந்தையாகக் கண்டெடுத்த இடம் என்று காட்டுகிறார்கள். சந்நிதியில் ஆண்டாள், ரங்கமன்னார், கூடவே கருடாழ்வார் என மூவரும் ஒரே இடத்தில் நிற்பது விசேஷம்.

ஆண்டாளின் இடது கையைக் கவனியுங்கள். அந்தக் கிளி நகையல்ல, இலையும் பூவும். தினமும் புதிதாகச் செய்கிறார்கள். மாதுளம்பூவில் மூக்கு. மறுநாள் அது வாடிவிடும், இன்னொரு கிளி வரும். கிளிக்கு மட்டும் கேஷுவல் லீவு, மெடிக்கல் லீவு எதுவும் கிடையாது. 'நேத்துச் செஞ்சதையே இன்னிக்கும் செய்யறோமே' என்று அலுத்துக்கொள்கிற நமக்கு, அந்தக் கிளி எதையோ சொன்னது போலிருந்தது எனக்கு.

ஆடிப்பூரத் தேரோட்டத்துக்குப் போனால் கூட்டத்தில் மிதக்கலாம். நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் சாதாரண நாள்தான் சரி. அப்படியே மடவார்வளாகம் வைத்தியநாத சுவாமி கோயிலையும் பார்த்துவிடுங்கள்.

சட்டியிலிருந்து நேராக...

கோயிலை விட்டு வெளியே வந்தால் திரும்பின பக்கமெல்லாம் பால்கோவா கடை. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. பாக்கெட்டை வாங்கிக்கொண்டு ஓடிவிடாதீர்கள். கிண்டுகிற இடத்தைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை.

அகலமான இரும்புச் சட்டி. கீழே விறகு அடுப்பு. பால், சர்க்கரை இரண்டே சாமான். பத்து லிட்டர் பால் சுண்டி ஏறத்தாழ மூணு கிலோவாகிறது. அதுவரை கரண்டி நிற்கக் கூடாது. நின்றால் அடிப்பிடித்துவிடும்.

கிண்டிக்கொண்டிருந்த பெரியவரிடம், "கை வலிக்காதா அண்ணாச்சி?" என்றேன்.

"வலிக்கத்தான் செய்யும் தம்பி. நீங்க நாள் பூரா உக்காந்திருக்கீங்களே, முதுகு வலிக்கலியா?" என்றார் திருப்பிப் பார்க்காமலே.

சட்டியிலிருந்து இளஞ்சூட்டோடு வாழையிலைத் துண்டில் வாங்கிச் சாப்பிடுகிற பால்கோவாவும், ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் கிடந்த பால்கோவாவும் ஒரே பெயருள்ள இரண்டு வேறு ஆசாமிகள்!

தரையில் இறங்காத பெரிய மனுஷர்

ஊரிலிருந்து மேற்கே போனால் செண்பகத்தோப்பு. மலையடிவாரம். மாந்தோப்பும் தென்னந்தோப்பும் முடிகிற இடத்தில் காடு ஆரம்பிக்கிறது. உள்ளே காட்டழகர் கோயில். இந்தப் பகுதி 1988-ல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம் ஆனது. 2021-ல் மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆகிவிட்டது.

அணில்தானே என்று அலட்சியம் வேண்டாம். நம் வீட்டு மதில் அணிலின் பெரியப்பா இவர். வாலையும் சேர்த்து இரண்டு அடிக்கு மேல் வருவார். மரத்துக்கு மரம் கிளை வழியாகவே தாவிப் போவார். தரையில் இறங்குவது அபூர்வம். அதனால் கிளைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தால்தான் அவருக்குப் போக்குவரத்து. நடுவில் நாலு மரத்தை வெட்டினால், நமக்குப் பாலம் இடிந்த மாதிரி.

சத்தம் போடாமல் அரை மணி நேரம் நின்றோம். உயரத்தில் இலை அசைந்தது. புஸுபுஸுவென்று ஒரு சாம்பல் வால் தொங்கியது. தம்பி செல்போனை எடுத்து, ஃபோகஸ் பண்ணுவதற்குள் ஆசாமி அடுத்த மரம். "போட்டோவுல வெறும் இலைதான் சார் இருக்கு" என்றான். பரவாயில்லை, கண்ணில் இருக்கிறதே!

புலிகள் காப்பகம் என்பதால் நினைத்த இடத்தில் நுழைய முடியாது. செக்போஸ்ட்டில் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சதுரகிரி ஏறுகிறவர்களும் வனத்துறை அனுமதிக்கிற நாளையும் நேரத்தையும் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். மலையில் எங்கோ பெய்கிற மழை, வெயிலில் நிற்கிற உங்களைத் தேடி ஓடையில் வரும். 2015-ல் அங்கே காட்டாற்று வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனது. 'இன்னிக்குப் போகாதீங்க' என்று காவலர் சொன்னால் அவரிடம் விஸிட்டிங் கார்டைக் காட்டாதீர்கள்.

அந்தக் குடம் யாருடையது?

மறுநாள் ராஜபாளையம். மேற்கே அய்யனார் கோயில் அருவி. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் நல்ல தண்ணீர். கோடையில் போனால் பாறையைத்தான் பார்க்கலாம். நாங்கள் போனபோது பாறைகளுக்கு நடுவே கண்ணாடி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்து சீட்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு சோப்பையும் நாலு ஷாம்பு பாக்கெட்டையும் வெளியே எடுத்தார். கரையில் உட்கார்ந்திருந்த உள்ளூர்ப் பெரியவர் எழுந்து வந்தார். கோபமே இல்லை.

"தம்பி, சோப்பு வேண்டாமே. இந்தத் தண்ணி கீழ ஆறாவது மைல் டேமுக்குப் போகுது. அங்கேருந்து எங்க ஊருக் கொழாய்க்கு வருது. நீங்க குளிச்சிட்டு மெட்ராஸ் போயிருவீங்க. எங்க வீட்டுப் பொம்பளைங்க அதைத்தான் குடத்துல பிடிப்பாங்க."

அவ்வளவுதான் சொன்னார். பக்கத்து சீட்காரர் ஷாம்பு பாக்கெட்டுகளைப் பத்திரமாகப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். அதன் பிறகு மணிக்கணக்கில் நீரில் கிடந்தோம். சோப்பு இல்லாமலே அழுக்குப் போயிற்று. நாம் டூர் போகிற இடம் இன்னொருவருக்குத் தண்ணீர்த் தொட்டி. இதைத் தெரிந்துகொண்டு குளித்தால் அருவி இன்னும் கொஞ்சம் குளிர்கிறது.

பெண் பார்க்கிற மாதிரி

தம்பியின் லட்சியத்துக்கு வருவோம். ராஜபாளையம் நாய் தெரியும்தானே? உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். 2005-ல் அஞ்சல்துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அதில் இதுவும் ஒன்று.

விசாரித்து ஒரு தோட்ட வீட்டுக்குப் போனோம். நாய் வளர்ப்பவர் காபி கொடுத்து உட்காரவைத்து, விசாரணையை ஆரம்பித்தார்.

"வீடு சொந்தமா தம்பி?"

"வாடகைங்க."

"எத்தனாவது மாடி?"

"மூணு."

"பகல்ல யாரு இருப்பா?"

"யாரும் இல்லீங்க. நான் பேச்சிலர்."

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "இது வேட்டைக்குன்னே வளர்த்த சாதி தம்பி. ஓடணும். பூட்டின ரூமுல போட்டா பாவம், அதுவும் கெட்டு, உங்களையும் கெடுக்கும். கல்யாணம் முடிச்சு, நாலு சென்ட் இடத்தோட வாங்க. நானே குட்டியைத் தூக்கிட்டு வந்து தர்றேன்."

பெண் கேட்கப் போன இடத்தில்கூட இவ்வளவு கேட்கமாட்டார்கள் என்று தம்பி முணுமுணுத்தான். ஆனால் அவர் இன்னொரு விஷயமும் சொல்லிக்கொடுத்தார். இந்த இனத்தில் சில குட்டிகள் காது கேளாமலே பிறக்கும். அதனால் குட்டிக்குப் பின்னால் நின்று கை தட்டிப் பார்க்க வேண்டும். தட்டினோம். ஒரு குட்டி திரும்பி வந்து தம்பியின் ஷூ லேஸை அவிழ்த்துவிட்டுப் போனது. அதுவரை பேசிக்கொண்டிருந்தவன் அப்புறம் பேசவில்லை. பணத்தை நீட்டினால் குட்டியைக் கையில் திணிக்கிறவர்கள் நாட்டில் நிறைய. மறுக்கிறவரைத்தான் நான் நம்புவேன்.

கிளம்புவதற்கு முன்...

மூன்றாம் நாள் பாதி பொழுது மிச்சமிருக்கும். 1949-லிருந்து 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா இந்த ஊர்க்காரர். தன் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். பக்கத்தில் சத்திரப்பட்டிக்குப் போனால் தெருவெல்லாம் தறிச் சத்தம். ஆஸ்பத்திரியில் நமக்குச் சுற்றுகிற பேண்டேஜ் துணிக்குப் பேர்போன ஊர். அடிபடாமல் போய்ப் பார்ப்பது நல்லது! மாம்பழ சீஸன் என்றால் சப்பட்டையும் பஞ்சவர்ணமும் வாங்காமல் ரயில் ஏறாதீர்கள்.

பெரிய ஹோட்டல், ரோப் கார் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். காலில் செருப்பு கெட்டியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் பதில் வீட்டு வாட்டர் பாட்டில் போதும். ஆபீஸுக்கு ஒரு கிலோ பால்கோவா, லீவு கொடுத்த மானேஜருக்குத் தனியாகக் கால் கிலோ.

அருவியில் நீங்கள் விட்டுவிட்டு வரலாம் என்று நான் அனுமதிப்பது ஒன்றே ஒன்றுதான். ஆபீஸ் கவலை! அது தண்ணீரில் கரைந்து குழாய் வழியே போனாலும் ராஜபாளையத்துக்காரர்களுக்கு ஒன்றும் ஆகாது.